மின்னல் பாய்ஸ் ஒலித் தூய்மைக் குழு

எங்கள் தெருவில் சந்தேகப்படுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. விளாங்குடியில் பால் பூத்தைத் தாண்டி மூன்றாவது வீடு, மாடி. வெளியே பலகை தொங்கும்: 'மின்னல் பாய்ஸ் அகில உலக ரசிகர் பேரவை, தலைமையகம்.' அகில உலகம் என்றால் விளாங்குடியும் திருமங்கலமும். நடுவில் துபாயில் ஒரு கிளை இருந்தது. அந்தக் கிளைக்கு விசா முடிந்து, இப்போது செல்லூரில் மாமனார் வீட்டில் இருக்கிறது.

என் வீடு பேரவைக்கு நேர் எதிர். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் கிடையாது. துணி காயப்போட மாடிக்குப் போவேன், அங்கே பேசுவது தானாகக் காதில் விழும். சரியாக விழாத நாட்களில் காய்ந்த துணியை மறுபடி ஒருமுறை அலசிக் காயப்போடுவேன்.

மின்னல் பாய்ஸைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பத்து நாலில் நான்கு பையன்கள் கிடாரும் டிரம்ஸுமாக ஆரம்பித்த குழு. சினிமாப் பாட்டைத் தொடமாட்டார்கள், அம்புட்டும் சொந்தப் பாட்டு. 'டவுன்பஸ் தேவதை' என்ற அவர்களுடைய பாட்டுக்கு ஆடாத கால் அந்தக் காலத்தில் மதுரையில் இல்லை. பையன்களில் இளையவருக்கு இப்போது அறுபத்திரண்டு. பெயரை மட்டும் மாற்றவில்லை. பேயாண்டி என்பவர் தலைவர். கிடார் வாசித்துக்கொண்டே பாடுவார். போன வருடக் கடைசியில் டிரம்ஸ் வாசித்த சின்னச்சாமிக்குத் தோள்பட்டை மக்கர் செய்தது. கீபோர்டுக்காரர் பேரன் பிறந்தான் என்று கோயம்புத்தூருக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு இடம் காலி.

கீபோர்டுக்குச் சாய்ராம் வந்தான். பேரவைத் தலைவர் பட்டாபிராமனின் அக்கா மகன். பேரவை அவனை ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது, அதில் மூன்று நிமிடம் அவன் காபி குடித்தான். டிரம்ஸுக்கு வந்தவள் பாண்டிச்செல்வி. இருபத்தாறு வயது, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, காலேஜில் டிரம்ஸ் பழகியவள். பேயாண்டி அவள் வாசிப்பைக் கேட்டுவிட்டு அங்கேயே சேர்த்துக்கொண்டார். அவர் செய்த தப்பு, பேரவையிடம் சொல்லாமல் சேர்த்ததுதான்.

பேரவையின் நாற்பதாம் ஆண்டு விழா மார்ச்சில் திருமங்கலத்தில் நடப்பதாக இருந்தது. அந்த மேடையில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பது பேரவையின் கையில். அதில் ஏறாதவரை மற்ற ஊர்களில் விழா நடத்துகிறவர்களும் கூப்பிட மாட்டார்கள். பேரவையின் கடிதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே ஜனவரி முதல் ஞாயிறு பாண்டிச்செல்வி ஒரு ஆட்டோ நிறைய டிரம்ஸைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் இறங்கினாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

பட்டாபிராமன் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரவை இருப்பதும் அவர் வீட்டு மாடியில்தான். வீட்டில் வாங்கும் கத்தரிக்காயைக்கூட மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை உள்ளே விடுவார் என்று அவர் மனைவி வாலாம்பாளே என்னிடம் சொல்லியிருக்கிறார். பேரவைக்குள் அவர் ஏற்படுத்தியிருப்பதுதான் ஒலித் தூய்மைக் குழு. கூட்டம் தொடங்கும்போது நகைக்கடை வெல்வெட் பையில் இருந்து ஒரு கேசட்டை வெளியே எடுப்பார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கேசட் டேப் ரிக்கார்டருக்குள் போனதும் உட்கார்வார்கள்.

"இந்த நாடா, எண்பத்தெட்டாம் வருஷம் செல்லூர் பொங்கல் விழாவில் பதிவானது" என்றார் பட்டாபிராமன். "இதற்கு முன் மின்னல் பாய்ஸ் வாசித்ததெல்லாம் ஒத்திகை. இதற்குப் பின் வாசித்ததெல்லாம் நகல்."

"அதுக்கப்புறம் முப்பத்தாறு வருசம் வாசிச்சிருக்கோம் சார்" என்றார் பேயாண்டி.

"அதைத்தான் சொன்னேன்."

பிறகு பாண்டிச்செல்வி பக்கம் திரும்பினார். "லேப்டாப் எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"லேப்டாப்பா? எங்கிட்ட இல்லையே சார்."

"இந்தக் காலத்தில் டிரம்ஸ் வாசிப்பவர்கள் யாரும் வாசிப்பதில்லை. எல்லாம் உள்ளே பதிந்து வைத்து ஓடவிடுகிறார்கள். பேரவைக்கு எல்லாம் தெரியும். ஸ்ரீராம்குமார், பாருங்கோ."

ஸ்ரீராம்குமார் பேரவையின் தொழில்நுட்ப ஆலோசகர். வீடு வீடாகக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவர் என்பதால் சந்தேகத்தில் நல்ல பயிற்சி உண்டு. அவள் உட்காரும் ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். பெரிய டிரம்மின் ஓட்டைக்குள் கையை விட்டார். கை போதாமல் தலையை விட்டார். உள்ளே இருந்து குரல் வந்தது: "சார், போர்வை ஒண்ணு இருக்கு."

"எதற்குப் போர்வை?"

"ரொம்ப அதிராம இருக்க சார். எல்லா டிரம்ஸ்லயும் வைப்பாங்க" என்றாள் பாண்டிச்செல்வி.

"ஆக, உண்மையான ஒலியை மறைக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்."

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது சாய்ராமின் கீபோர்டு ஸ்டாண்டில் லேப்டாப் திறந்தே இருந்தது. அதில் பாட்டு ஓடியது. பேயாண்டி அதைப் பார்த்தார். பட்டாபிராமன் பேயாண்டி பார்ப்பதைப் பார்த்தார்.

"அது லேப்டாப் அல்ல. கீபோர்டின் நீட்சி" என்றார்.

கேசட்டை ஒருமுறை போட்டார்கள். பிறகு 'டவுன்பஸ் தேவதை'யைப் பாண்டிச்செல்வி வாசித்தாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கால் என்னைக் கேட்காமல் தரையைத் தட்டியது. கீழே பால் பூத்தில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். குழு சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கூடிப் பேசிவிட்டுத் தீர்ப்புச் சொன்னது: வேகம் அதிகம். மூன்று வாரம் கழித்து மறு விசாரணை.

மூன்று வாரம் அவள் வேகத்தைக் குறைத்துப் பழகினாள். மறு விசாரணையில் தீர்ப்பு: இன்னும் வேகம் அதிகம். மறுபடி குறைத்தாள். பிப்ரவரி நடுவில் மூன்றாவது விசாரணை. அதிலும் வேகம் அதிகம். பாட்டு இப்போது தேவதை பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவதுபோல் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் அவள் கைபேசியை எடுத்துப் படித்துக் காட்டினாள். "சார், நான் ஒவ்வொரு தடவையும் டேப் ஓடுற நேரத்தைக் குறிச்சு வச்சிருக்கேன். முதல் வாட்டி இந்தப் பாட்டு நாலு நிமிசம் பத்து செகண்டு. போன தடவை நாலு இருபத்திரண்டு. இன்னிக்கு நாலு முப்பத்தஞ்சு. நான் வேகமா அடிக்கல சார். உங்க மெஷின்தான் மெதுவாகிக்கிட்டே போகுது."

 ஸ்ரீராம்குமார் டேப் ரிக்கார்டரின் மூடியைத் திறந்து பார்த்து, "பெல்ட்டு தொங்கிப் போயிருக்கு சார். டவுன்ஹால் ரோட்டுல புதுசு கிடைக்கும், நான் வேணா..." என்று ஆரம்பித்தார். பட்டாபிராமன் ஒரு பார்வை பார்த்தார். ஸ்ரீராம்குமார் மூடியை மூடினார்.

"அளவுகோலை அளக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார் பட்டாபிராமன்.

"எங்க லேப்ல தினமும் காலைல மெஷினைச் சரிபாத்துட்டுத்தான் சார் வேலையே ஆரம்பிப்போம். மெஷினு தப்பா இருந்தா ஊருக்கே சுகர் வந்துரும்."

"நான் முப்பத்து நான்கு வருஷம் தணிக்கை செய்தேன். ஒரு நாளாவது யாராவது என்னைத் தணிக்கை செய்ததுண்டா? கிடையாது. அதனால்தான் என் தணிக்கையில் ஒரு தவறுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இந்த பெல்ட்டைத் தொடுவது எண்பத்தெட்டைத் தொடுவதற்குச் சமம்."

இதற்குக் கைதட்டல் வேறு. பக்கத்து அறையில் இருந்து வாலாம்பாள், "ஏன்னா, அந்தப் பொண்ணு கார்த்தாலேந்து அடிச்சிண்டே இருக்கா. ஒரு வாய் காபியாவது குடுக்கலாமோன்னோ?" என்றார். அது கூட்ட நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறவில்லை.

விஷயம் திருமங்கலம் வரை போனது. யார் மூலம் போனது என்று என்னைக் கேட்காதீர்கள், என் நாத்தனார் அங்கே இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறே திருமங்கலம் கிளைச் செயலாளர் தங்கப்பாண்டி ஜீப்பில் வந்து இறங்கினார். டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். அவரிடமும் அதே செல்லூர் விழாவின் கேசட் உண்டு. யாரோ ஒரு கடைக்காரர் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் பதிந்து கொடுத்தது. ஜீப்பிலிருக்கும் டேப்பில் அதைப் போட்டால், பேயாண்டியின் குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரல்போல் கீச்சென்று வரும். பாட்டு மூன்றே முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஜீப்பின் கதவைத் திறந்து வைத்துத் தெருவிலேயே போட்டுக்காட்டினார். "இதான் ஒரிஜினலு! எங்க ஊர்ல இதுக்குத்தேன் ஆடுனோம், இதுக்குத்தேன் சட்டையக் கிழிச்சோம். உங்க வேகத்துக்கு ஆடுனா எழவு வீட்டுல நடக்குற மாதிரில்ல இருக்கும்!"

"தங்கப்பாண்டி, கிளைக்கு நாடா வைத்திருக்க அனுமதியே கிடையாது" என்றார் பட்டாபிராமன் மாடியில் இருந்து.

"அனுமதி கேட்டு எழுதுன கடுதாசிக்கு நீங்க பதிலு போட்டீங்களா? தொண்ணூத்தி ரெண்டுல எழுதுனது!"

பேயாண்டி நடுவே வந்து கும்பிட்டார். "ரெண்டு கேசட்டும் ஒரே கச்சேரிண்ணே. வாசிச்சது நாங்க. ஒரு தடவைதான் வாசிச்சோம். ரெண்டு வேகத்துல எப்படிண்ணே வாசிச்சிருப்போம்?"

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நீங்க இதுல பேசக்கூடாது." பட்டாபிராமன் காரணமும் சொன்னார்: "நீங்கள் சம்பந்தப்பட்ட கட்சி. உங்கள் சாட்சியம் செல்லாது."

அன்று ஒரு சமரசம் ஏற்பட்டது. பாட்டின் முதல் பாதி விளாங்குடி வேகம், இரண்டாம் பாதி திருமங்கலம் வேகம். பாண்டிச்செல்வி அதையும் வாசித்துக் காட்டினாள். நடுவில் வேகம் மாறும் இடத்தில் பேயாண்டிக்கு மூச்சு வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குழு அதைக் குறித்துக்கொண்டது: 'தலைவரிடம் பழைய உற்சாகம் இல்லை.'

டிரம்ஸை ஆட்டோவில் ஏற்றும்போது நான் கீழே இறங்கிப் போனேன். குப்பை போடத்தான்.

"எதுக்குத் தாயி இந்தப் பாடு? வேற குழுவே இல்லையா மதுரையில?" என்று கேட்டேன்.

கயிறை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "இருக்குக்கா. அங்கல்லாம் பொம்பளப் புள்ளைய பாடத்தான் கூப்புடுவாங்க. டிரம்ஸு முன்னாடி உக்கார விட்டது பேயாண்டி அண்ணன் ஒருத்தர்தான்." கயிறை முடிச்சுப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டிக்கொண்டாள். "நாள் பூரா ஊசி குத்துறேன்க்கா. என் கையப் பாத்தாலே ஜனம் மூஞ்சியத் திருப்பிக்கிருது. இதுல உக்காந்தா மட்டும்தேன் என் கை பட்டுச் சிரிக்கிறாங்க. திருமங்கலத்துல உக்கார விடலேன்னா அண்ணன் வேற ஆளத்தான் போடணும். அவரு சொல்லிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல."

ஆட்டோ போன பிறகும் நான் குப்பைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் இறுதிக் கூட்டம். இரண்டு கிளையும் சேர்ந்து உட்கார்ந்தது. இப்போது ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது: பாண்டிச்செல்வியை நம்பமுடியாது. மேடையில் ஏறினால் எந்த வேகத்தில் அடிப்பாளோ? அவள் சொந்தமாக ஒரு வேகம் வைத்திருக்கிறாள் என்று சாய்ராம் வேறு போட்டுக்கொடுத்திருந்தான்.

பட்டாபிராமன் எழுந்தார். "நேரடி இசை அழிந்துகொண்டிருக்கிறது. மேடையில் யாரும் உண்மையாக வாசிப்பதில்லை என்று நாற்பது வருஷமாக நாம் போராடுகிறோம். அந்த உண்மையான நேரடி ஒலியைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. விழாவில் டிரம்ஸை யாரும் வாசிக்கக்கூடாது. நாடாவை ஓடவிடுவோம்."

"அப்ப நான்?" என்றாள் பாண்டிச்செல்வி.

"நீங்கள் உட்காரலாம். கையை அசைக்கலாம்."

பேயாண்டி நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். "சார், இதைத்தானே இம்புட்டு நாளும் வேணாம்னீங்க?"

"மற்றவர்கள் செய்வது ஏமாற்று. நாம் செய்வது பாதுகாப்பு."

"கேசட்ல டிரம்ஸ் மட்டுமா இருக்கு? எம் பாட்டும்ல சேந்து வரும்?"

"வரட்டும். உங்களுக்கும் துணையாக இருக்கும்."

எந்தக் கேசட் என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் விளாங்குடியின் கேசட், திருமங்கலத்தின் மின்சாரம் என்று முடிவானது. பாண்டிச்செல்வியின் குச்சிகளின் நுனியில் பஞ்சு வைத்துத் துணி சுற்றவேண்டும், தவறிக்கூடச் சத்தம் வரக்கூடாது என்றும் தீர்மானம். அவள் "சரிங்க சார்" என்றாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு. நாத்தனாரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்பதால் நானும் போனேன். மேடைக்குப் பக்கவாட்டில், ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்தால் மேடையும் தெரியும், மேடைக்குப் பின்புறமும் தெரியும். பின்புறத்தில் ஒரு மேசை. மேசை மேல் பட்டுத்துணி. பட்டுத்துணி மேல் டேப் ரிக்கார்டர். முன்னால் பட்டாபிராமன், கழுத்தில் அடையாள அட்டையோடு.

மைக் செட் போட்ட விக்ரம் என்ற பையன் அந்தப் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "சார், இதுல வயர் சொருகவே இடமில்ல."

"அந்தக் காலத்துத் தூய்மை. வயர் கிடையாது."

வேறு வழியில்லாமல் விக்ரம் ஒரு மைக்கை அதன் முன்னால் நட்டான். நட்ட உடனே 'கீ...' என்று திருமங்கலமே காதைப் பொத்துகிற மாதிரி ஒரு ஊளை. அவன் மிக்ஸருக்கு ஓடிப்போய் அந்த மைக்கை அணைத்தான். ஊளை நின்றது. அப்புறம் அதை அவன் திறக்கவே இல்லை. கேட்டதற்கு, "எனக்கு நாளைக்கும் இந்த ஊர்ல தொழில் இருக்குக்கா" என்றான்.

பேயாண்டி 'டவுன்பஸ் தேவதை' என்று சொன்னதும் மூவாயிரம் பேர் கத்தினார்கள். மேடைக்குப் பின்னால் பட்டாபிராமன் கண்ணை மூடிப் பொத்தானை அமுக்கினார். சக்கரம் சுற்றியது. கிடார் ஆரம்பித்தது. டிரம்ஸ் வரவேண்டிய இடம் வந்தது. டிரம்ஸ் வரவில்லை.

பாண்டிச்செல்வி பஞ்சுக் குச்சியைக் காற்றில் வீசினாள். ஒரு சத்தமும் இல்லை. முன் வரிசை ஒருவரையொருவர் பார்த்தது. பேயாண்டி திரும்பிப் பார்த்தார். நான் அந்த முகத்தை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அப்படி ஒரு பயத்தை அதில் பார்த்ததில்லை. பாண்டிச்செல்வி முதலில் ஒரு குச்சியை, பிறகு இன்னொன்றை வாயில் வைத்துத் துணியைப் பல்லால் கிழித்துத் துப்பினாள்.

அப்புறம் அடித்தாள்.

விளாங்குடி வேகம் இல்லை, திருமங்கலம் வேகமும் இல்லை. பேயாண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவர் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே ஓர் அடி. அறுபத்து நான்கு வயதுக் குரல் அந்த அடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. கூட்டம் எழுந்து ஆடியது. தங்கப்பாண்டி துண்டைச் சுழற்றி, "இதுதேன் எங்க வேகம்! நான் சொன்னேன்ல!" என்று கத்திக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பின்னால் பட்டாபிராமன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இது என் நாடா, இது என் நாடா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பேரவை வரலாற்றில் இரண்டு கிளையும் ஒரே பாட்டில் ஒத்துப்போனது அன்றுதான்.

பாட்டு முடிந்தது. கைதட்டலும் முடிந்தது. சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டாபிராமன் அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இந்த ஊர் கரண்ட்டே சரியில்லை" என்று சொல்லி நிறுத்தினார். இப்படியே பதினோரு பாட்டு.

அடுத்த ஞாயிறு அறிக்கை வாசிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் அன்று துவைக்க எதுவும் இல்லை. ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தேன்.

"ஒன்று. விழாவில் ஒலித்த டிரம்ஸ் முழுக்க முழுக்க ஒரிஜினல். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாடாவின் ஆற்றல் வியக்கவைக்கிறது" என்று வாசித்தார் பட்டாபிராமன். "இரண்டு. நாடாவிலிருந்த பேயாண்டியின் இளமைக் குரல் சற்றுக் கரகரத்தது. ஒலிபெருக்கிக்காரர் எச்சரிக்கப்படுகிறார். மூன்று. பாண்டிச்செல்வியின் கையசைப்பு நம்பும்படி இருந்தது. சில இடங்களில் மிகை நடிப்பைத் தவிர்க்கலாம். அவருக்கு நிரந்தரக் கையசைப்பாளர் என்ற அங்கீகாரம் வழங்கப்படுகிறது. மின்னல் பாய்ஸின் எல்லா மேடைகளுக்கும் இது செல்லும்."

கடிதத்தை நீட்டினார். அடியில் அவள் கையெழுத்துக்கு ஓர் இடம். அதற்கு மேல் தட்டச்சு: 'மேற்படி விழாவில் நான் டிரம்ஸை ஓர் அடிகூட அடிக்கவில்லை என உறுதி கூறுகிறேன்.'

பேயாண்டி, "தாயி..." என்று ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். அந்தக் கடிதத்தை முழுதாக ஒருமுறை படித்தாள். பேனாவை வாங்கினாள். பிடிக்க முடியவில்லை. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் கொப்புளம் உடைந்து பிளாஸ்திரி.

பட்டாபிராமன் குனிந்து பார்த்தார். அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத அக்கறை. "அடடா. என்னம்மா ஆச்சு கையில்?"

"லேப்ல சுடுதண்ணி பட்டுருச்சு சார்."

"ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அசைக்கிற கை."

"சரிங்க சார்" என்று பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பாண்டிச்செல்வி கையெழுத்துப் போட்டாள்.